நோய் வந்த தடத்தைப் பிடியுங்கள்

(வானொலிப் பண்ணைப் பேச்சு)



மாடு காணாமல் போனால் நாம் என்ன செய்வோம்? முதலில் முளைக்குச்சியையும் கயிற்றையும் பார்ப்போம். அறுத்துக்கொண்டு போயிற்றா, யாராவது அவிழ்த்தார்களா என்று தெரிந்துகொள்வோம். அப்புறம் குளம்படியைப் பார்த்துக்கொண்டே வரப்பு வழியாகப் போவோம். எதிரில் வருகிறவர்களை எல்லாம் விசாரிப்போம். பொழுது சாய்வதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று துடிப்போம். ஒரு ராத்திரி தாண்டிவிட்டால் தடம் அழிந்து போகும் அல்லவா?

கால்நடைகளுக்கு வருகிற வைரஸ் நோய்களையும் இப்படித்தான் தேட வேண்டும். எங்கிருந்து வந்தது, இப்போது யார் வீட்டில் இருக்கிறது, அடுத்தது எங்கே போகும் என்று தடம் பார்த்துப் போக வேண்டும். டாக்டர் மட்டும் செய்து முடிக்கிற வேலை அல்ல இது. முதல் தடம் எப்போதும் மாட்டுக்காரர் வீட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கிற முதல் கண் உங்களுடைய கண்தான். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நாகூர், நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருவாரூர் வட்டாரத்தில் இருக்கிற நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். காரணம், நம் பக்கத்து மாடுகள் தனித்து நிற்பதில்லை. சம்பா, தாளடி அறுப்பு முடிந்ததும் தாள் மேய எல்லா வீட்டு மாடும் ஒரே வயல்வெளியில் இறங்கும். வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்டுக் கிடையும் மாட்டுக் கிடையும் வந்து தங்கும். வயலுக்கு உரம் கிடைக்கிறது, மேய்க்கிறவருக்குப் பிழைப்பு நடக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாம் தண்ணீர் குடிப்பது ஒரே வாய்க்காலில். மாட்டுப் பொங்கலுக்கு எல்லாம் கூடுவது ஒரே திடலில். ஒரு மாட்டின் வாயிலிருந்து ஒழுகுகிற எச்சில் அடுத்த மாட்டின் வாய்க்குப் போக அதிக நேரம் ஆகாது.

கண்ணில் படாத நாட்கள்

வைரஸ் என்பது பாக்டீரியாக் கிருமியைவிட மிகச் சிறியது. கோமாரி நோய்க்குக் காரணம், மிக நுண்ணிய வடிகட்டியிலும் நுழைந்து வெளியே வந்துவிடுகிற ஒரு பொருள் என்று ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ரோஷ் என்ற இருவர் 1898-ல் காட்டினார்கள். விலங்குகளிடம் முதன்முதலாகக் கண்ட வைரஸ் அதுதான். பென்சிலின் போன்ற மருந்துகளுக்கு வைரஸ் அடங்காது. புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்கத்தான் அந்த மருந்து உதவும். வைரஸைத் தடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். வந்துவிட்டால் பரவாமல் மறிக்க வேண்டும்.

இதில் ஒரு சூது இருக்கிறது. வைரஸ் உடம்புக்குள் போன அன்றைக்கே நோய் வெளியே தெரியாது. கோமாரி தெரிய 2 நாள் முதல் 14 நாள் வரை ஆகலாம். தோல் கழலை நோய்க்கு ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் நாலு வாரம்கூட ஆகும். வெறிநோய்க்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு. இந்த இடைப்பட்ட நாட்களில் மாடு தின்கிறது, அசை போடுகிறது, பால் கறக்கிறது. நாம் அதை விற்கவும் செய்கிறோம். கோமாரி கண்ட மாட்டின் பாலில், வாயில் கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே வைரஸ் வந்துவிடுகிறது. அதாவது, "என் மாடு நன்றாகத்தானே இருந்தது" என்று நாம் சொல்கிற நாட்களிலேயே அது அடுத்த வீட்டுக்கு நோயைக் கொடுத்திருக்கும்.

ஆகவே நோய் கண்டால் அன்றைய தினத்தை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு வாரம் பின்னால் போய் யோசிக்க வேண்டும். இதுதான் தடம் பார்ப்பதில் முதல் பாடம்.

கொட்டகையில் எதைப் பார்ப்பது?

காலையில் பால் கறக்கும்போதே மாட்டை ஒரு தடவை வாயிலிருந்து வால் வரை பாருங்கள். ஐந்து நிமிஷம் போதும். எந்த நோய்க்கு என்ன அடையாளம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

கோமாரியில் மாட்டுக்கு நல்ல காய்ச்சல் அடிக்கும். பால் திடீரென்று இறங்கும். வாயில் நூல் நூலாக எச்சில் ஒழுகும். சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்கும். நாக்கு, ஈறு, குளம்புப் பிளவு, மடிக்காம்பு ஆகிய இடங்களில் கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகும். மாடு காலை உதறும், நொண்டும். இதில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இளங்கன்றுக்கு வாய்ப்புண் எதுவும் வராமலே இருதயம் பாதித்து, நின்றது நின்றபடி விழுந்து செத்துப் போகும். "நேற்றுத் துள்ளிய கன்று இன்றைக்கு இல்லை" என்றால் திருஷ்டி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது கோமாரி ஊருக்குள் வந்திருப்பதன் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

தோல் கழலை நோயில் காய்ச்சலோடு உடம்பு முழுக்கக் கழலை கழலையாகக் கட்டி எழும்பும். ஊரில் மாட்டு அம்மை என்பார்கள். கால் வீங்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். இது கொசு, கடிக்கிற ஈ, உண்ணி இவற்றால் பரவுகிறது. 1929-ல் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் முதலில் கண்ட நோய் இது. நம் நாட்டில் 2019-ல் ஒடிசாவில் தென்பட்டது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. மூன்றே வருஷத்தில் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குப் போயிற்று என்றால், ஈ பறந்து மட்டும் போயிருக்க முடியாது. லாரியில் ஏறிய மாட்டோடும் போகிறது.

வெறிநோய் மாட்டுக்கும் வரும், பூனைக்கும் வரும், மனிதனுக்கும் வரும். வெறிநாய் கடித்த மாடு சில வாரம் சும்மா இருக்கும். பிறகு தொண்டை கட்டிய குரலில் ஓயாமல் கத்தும். எச்சில் வடியும். விழுங்க முடியாது. பின்னங்கால் தள்ளாடும். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தொண்டையில் பனங்கொட்டையோ தேங்காய்ச் சில்லோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து, கையை உள்ளே விட்டுத் துழாவுகிறார்கள். கையில் ஒரு கீறல் இருந்தாலும் போதும், அந்த எச்சில் எமன். காரணம் தெரியாமல் எச்சில் வடிக்கிற மாட்டின் வாயில் எக்காரணம் கொண்டும் கையை விடாதீர்கள்.

வெறிநோய் கண்ட பூனை இருட்டு மூலையில் பதுங்கும். கிட்டே போனால் பாய்ந்து கடிக்கும். குரல் மாறும். "பூனைதானே பிறாண்டியது" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடித்த பூனையோ நாயோ 10 நாள் உயிரோடு இருக்கிறதா என்று கவனிப்பதும் தடம் பார்ப்பதுதான். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. மாட்டை வெறிநாய் கடித்தாலும் இதே மாதிரி கழுவி, டாக்டர் சொல்லுகிற நாட்களில் தவறாமல் ஊசி போட வேண்டும்.

பூனை சொன்ன சேதி

மாட்டைப் பற்றிப் பேசவந்த இடத்தில் பூனைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

2024-ஆம் வருஷத் தொடக்கத்தில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்துப் பால் பண்ணைகளில் மாடுகள் தீனியைக் குறைத்துக்கொண்டன. பால் சுண்டி, சீம்பால் போலக் கெட்டியாக, மஞ்சளாக வந்தது. கொஞ்ச நாளில் மாடுகள் தேறியும் விட்டன. என்ன நோய் என்று பிடிபடவில்லை. அதே சமயம் பண்ணைக் கொட்டகைகளில் இருந்த பூனைகள் கண் தெரியாமல் சுற்றின, தள்ளாடின, செத்து விழுந்தன. அந்தப் பூனைகள் குடித்தது நோய்ப்பட்ட மாடுகளின் பச்சைப் பால். பூனைகளின் உடலையும் மாட்டின் பாலையும் சேர்த்துச் சோதித்தபோது உண்மை வெளிவந்தது. எச்5என்1 என்கிற பறவைக் காய்ச்சல் வைரஸ்! அது மாட்டின் மடிக்குள் புகுந்து பாலில் வந்துகொண்டிருந்தது. 2024 மார்ச் 25-ந் தேதி அதை உறுதி செய்தார்கள். வைரஸை ஆராய்ந்து தடம் பிடித்ததில், காட்டுப் பறவையிலிருந்து மாட்டுக்குத் தாவி, அப்புறம் கறவை மாடுகளை மாகாணம் விட்டு மாகாணம் ஏற்றிச் சென்றபோது கூடவே பயணம் செய்திருக்கிறது என்று தெரிந்தது.

நம் நாட்டிலும் 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடம் இந்த வைரஸைக் கண்டார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நாகூர் போன்ற கடலோர ஊர்களில் பூனைக்குக் குறைச்சல் இல்லை. பால் கறக்கும்போது பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருக்காத வீடும் குறைவு. கோடியக்கரைக்கு வருஷா வருஷம் வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. அதனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு பூனை செத்தால் அது சாதாரண விஷயமாக இருக்கலாம். வாந்தியும் பேதியுமாகக் குட்டிப் பூனைகள் சாகிற வைரஸ் நோய் ஒன்று உண்டு. அது மாட்டுக்கு வராது. ஆனால் நாலைந்து நாளில் இரண்டு மூன்று பூனைகள் தள்ளாடிச் செத்தாலோ, கூடவே கோழியோ காக்கையோ விழுந்து கிடந்தாலோ, அதே சமயம் மாட்டின் பால் கெட்டியாக மாறினாலோ, அதை வெறும் கையால் தொடாமல் கால்நடை டாக்டருக்குச் சேதி சொல்லுங்கள். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். காய்ச்சினால் இந்த வைரஸ் சாகும். சந்தேகப்பட்ட மாட்டின் பச்சைப் பாலைப் பூனைக்கும் ஊற்றாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள்.

பார்த்ததைச் சோதனை உறுதி செய்யும்

"வாயில் நுரை வந்தால் கோமாரி என்று எங்களுக்கே தெரியுமே, எதற்காகச் சோதனை?" என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. அனுபவத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நுரை தள்ளுவதற்குக் காரணம் பல. வெறிநோயிலும் தள்ளும், விஷம் தின்றாலும் தள்ளும். கோமாரி என்றாலும் அதில் எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாது. உலகத்தில் கோமாரி வைரஸ் 7 வகை. நம் நாட்டில் பரவுவது ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால்தான் இங்கே போடுகிற ஊசியில் மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறிக்கொண்டும் வரும். ஊசி இப்போதும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டுமானால் நோய் கண்ட மாட்டிலிருந்து மாதிரி போயாக வேண்டும்.

கோமாரி என்றால் டாக்டர் உடைந்த கொப்புளத்தின் தோலைக் கொஞ்சம் எடுத்து, அதற்கான திரவத்தில் போட்டு, ஐஸ் வைத்து அனுப்புவார். கழலை நோய்க்குக் கழலையின் பொருக்கும் ரத்தமும் எடுப்பார்கள். வெறிநோய்க்கு, மாடு செத்த பிறகு மூளையைத்தான் சோதிக்க வேண்டும். அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும், நாம் தலையில் கத்தி வைக்கக் கூடாது. ரத்தம் எடுத்தால் மாடு இளைத்துப் போகும் என்பது வீண் பயம். எடுப்பது ஒரு சின்னக் குழாய் அளவுதான்.

கொப்புளம் உடைந்த முதல் இரண்டு மூன்று நாளில் எடுக்கிற மாதிரியில் வைரஸ் நிறைய இருக்கும். பத்து நாள் கை வைத்தியம் பார்த்துவிட்டு, புண் ஆறுகிற சமயத்தில் சொன்னால் சோதனையிலும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். தடம் அழிந்து போவது என்று முதலில் சொன்னேனே, இதுதான்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. மாட்டின் ரத்தத்தைப் பார்த்து, அதற்கு எதிர்ப்புச் சக்தி ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்துச் சொல்லலாம். எப்படி? திருடனுடைய போட்டோவை மட்டும் பார்த்தவருக்கு அவன் முகம் தெரியும். திருடன் வீட்டுக்குள்ளேயே புகுந்து நாலு நாள் தங்கிப் போனான் என்றால், வீட்டுக்காரருக்கு அவன் குரலும் தெரியும், நடையும் தெரியும். ஊசி என்பது செத்த வைரஸ், அது போட்டோ மாதிரி. நோய் என்பது உயிருள்ள வைரஸ் உள்ளே புகுந்து பெருகியது. பெருகும்போது மட்டும் உண்டாகிற சில பொருள்களுக்கு எதிரான அடையாளம் அந்த மாட்டின் ரத்தத்தில் இருக்கும். அதை வைத்து, வெளியே நோய் தெரியாத ஊரிலும் வைரஸ் சத்தமில்லாமல் நடமாடியதா என்று கண்டுபிடிக்கிறார்கள். நல்லாயிருக்கிற மாட்டிடம் எதற்கு ரத்தம் கேட்கிறார்கள் என்று இனிமேல் சந்தேகப்பட வேண்டாம்.

முன்தடம், பின்தடம்

தடம் பார்ப்பது எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாகூர்ப் பக்கம் ஒருவர் தை 10-ந் தேதி ஒரு வியாபாரியிடம் கறவை மாடு வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை 14-ல் அதற்கு எச்சில் ஒழுகிற்று, பால் பாதியாயிற்று. அவர் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

டாக்டர் முதலில் பின்தடம் கேட்பார். வியாபாரி மாட்டை எந்த ஊரில் பிடித்தார்? கூட எத்தனை மாடு ஏற்றி வந்தார்? மற்ற மாடுகளை எங்கே இறக்கினார்? அப்புறம் முன்தடம் கேட்பார். 10-ந் தேதியிலிருந்து இந்த மாட்டைக் கறந்தவர் வேறு எத்தனை வீட்டில் கறக்கிறார்? மாடு எந்த வாய்க்காலில் தண்ணீர் குடித்தது? இதே கொட்டகையிலிருந்து ஆட்டையோ கன்றையோ யாருக்காவது கொடுத்தீர்களா? வண்டியில் வைக்கோல் போயிற்றா?

கறவைக்காரர் ஐந்து வீட்டில் கறக்கிறார் என்றால் அந்த ஐந்து வீட்டையும் அன்று மாலையே போய்ப் பார்த்துவிடலாம். அவர் கையைக் கழுவி, நோய் மாட்டைக் கடைசியாகக் கறக்கச் சொல்லலாம். சுற்றி உள்ள ஊர்களில் ஊசி போட்டு வேலி கட்டலாம். விஷயம் ஐந்து வீட்டோடு அடங்கும்.

அதே மனிதர் யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் மறைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் மேய்ச்சல் ஆரம்பித்துவிட்டது. வந்த கிடை அடுத்த ஊருக்கு நகர்ந்துவிட்டது. இப்போது யாரை விசாரிப்பது? ஐந்து வீடு மூன்று ஊராகிவிட்டது.

இது வெறும் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு நடப்பைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2001 பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸ் என்ற தென்பகுதியில் ஓர் இறைச்சிக் கூடத்துப் பன்றிகளிடம் கோமாரியைக் கண்டார்கள். பின்தடம் பார்த்துப் போனால் அது வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில் போய் நின்றது. அங்கே நோய் கொஞ்ச நாளாகவே இருந்திருக்கிறது, பண்ணைக்காரர் தெரிவிக்கவில்லை. அதற்காக அவருக்குப் பிறகு கோர்ட்டில் தண்டனையும் ஆயிற்று. அதற்குள் பக்கத்து ஆடுகளுக்குத் தொற்றி, ஆடுகள் சந்தைக்குச் சந்தை போய், நோய் நாடெங்கும் விதைத்ததுபோல் ஆகிவிட்டது. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அழித்தார்கள். பணக்கார நாடு, டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. குறைந்தது முதல் சில நாட்களில் ஒரு வார்த்தைதான்.

நம் பக்கமும் அடிபடாமல் இல்லை. 2013-ல் தென்னிந்தியா முழுக்கக் கோமாரி பரவியபோது தமிழ்நாட்டிலும் மாடுகள் மடிந்தன. பிழைத்த மாட்டிலும் எத்தனையோ மாடுகள் வெயில் தாளாமல் மூச்சிரைத்து, சினை பிடிக்காமல், மடிநோய் கண்டு கைவிட்டுப் போகும் என்பது மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

வெக்கை நோயைத் துரத்தியது யார்?

இவ்வளவும் செய்தால் நோய் போய்விடுமா என்று கேட்பீர்கள். ஒரு நோய் போயே போய்விட்டது. வெக்கை நோய்!

இளவட்டங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. பெரியவர்களைக் கேளுங்கள். காய்ச்சல் கண்டு, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, பேதியாகி, ஒரு வாரம் பத்து நாளில் தொழுவமே காலியாகும். ஏர் பூட்ட மாடு இல்லாமல் நிலம் தரிசு கிடந்த காலம் உண்டு. ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் முதலில் இந்த நோய்க்கான மருந்துக்காகவே ஏற்பட்டது. 1954 முதல் நாடு பூராவும் திட்டம் போட்டு ஊசி போட்டார்கள். நோய் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. எங்கேயோ ஒளிந்திருந்து மறுபடியும் தலைகாட்டிற்று.

ஊசியோடு தேடலும் சேர்ந்த பிறகுதான் அது ஒழிந்தது. 1990-களில் கால்நடைத் துறை ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். மாட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "வாய்ப்புண், கண்ணில் ஒழுக்கு, பேதி இந்த மூன்றும் சேர்ந்து எந்த மாட்டுக்காவது வந்ததா?" என்று கேட்டார்கள். சந்தைகளில் தேடினார்கள். மாடு ஓட்டிப் போகிற பாதைகளில் தேடினார்கள். இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995-ல், நம்முடைய தமிழ்நாட்டில், வட ஆற்காட்டுப் பக்கத்தில். அதற்கப்புறம் ஊசியை நிறுத்திவிட்டு, தேடுவதை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஏனென்றால் ஊசி போட்ட மாடும் நோய் வந்து தேறிய மாடும் அந்நாளைய ரத்தச் சோதனையில் ஒன்றாகவே தெரியும். ஊசியை நிறுத்தினால்தான் நோய் ஒளிந்திருக்கிறதா என்று தெரியும். 2006-ல் இந்தியா வெக்கை இல்லாத நாடு என்று உலக விலங்கு நல நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2011-ல் உலகத்தை விட்டே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாக மண்ணைவிட்டு ஒழித்த இரண்டாவது வைரஸ் நோய் அது.

அந்தத் தேடலில் பதில் சொன்னது யார்? உங்களைப் போன்ற மாட்டுக்காரர்கள். "இல்லை ஐயா, எங்கள் ஊரில் இல்லை" என்று உண்மையைச் சொன்னதும், "இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று உண்மையைச் சொன்னதும்தான் அந்த நோய்க்கு வழியடைத்தது.

சொல்லத் தயங்குவது ஏன்?

இப்போது மனசு விட்டுப் பேசுவோம். நோயை மறைக்கிறவர் கெட்டவர் இல்லை. "சொன்னால் சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்கள். ஒரே மாடு, அந்தப் பாலில்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு நடக்கிறது. மாட்டை விற்கவும் முடியாது. ஊரில் எங்கள் கொட்டகையைக் காட்டிப் பேசுவார்கள்." இந்தக் கவலை நியாயமானது.

ஆனால் கணக்குப் பாருங்கள். நோய் கண்ட மாட்டின் பால் எப்படியும் குறையத்தான் போகிறது. சொன்னால் நஷ்டம் சில வாரத்தோடு போகும். மறைத்தால் உங்கள் கன்றும் போகும், அக்கம்பக்கத்து மாடும் போகும். நாளைக்கு உங்கள் மாடு தேறினாலும் அடுத்த வீட்டிலிருந்து திரும்பவும் சந்தேகம் வரும். இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு, அதிகாரிகள் வந்து மாட்டைக் கொன்றுவிடுவார்கள் என்று. இங்கிலாந்தில் செய்ததுபோல் கோமாரி கண்ட மாட்டைக் கொல்லுகிற வழக்கம் நம் நாட்டில் இல்லை. இங்கே தடுப்பூசி, தனிமை, வைத்தியம் இவைதான். நோய் மாட்டை அரைவிலைக்குத் தள்ளிவிடுவது மட்டும் கூடவே கூடாது. நம்முடைய நஷ்டத்தை அதைவிட ஏழையான இன்னொருவர் தலையில் கட்டுவதாகும் அது. 2009-ல் வந்த கால்நடைத் தொற்று நோய்ச் சட்டப்படியும் கோமாரி, வெறிநோய் போன்ற நோய் என்று சந்தேகம் வந்தால் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிப்பதும், மாட்டைத் தனியே கட்டுவதும் உரிமையாளரின் கடமை.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

1. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மாடு வந்த தேதி, யாரிடமிருந்து, விற்ற தேதி, யாருக்கு, ஊசி போட்ட தேதி, சினை ஊசி, நோய், காதுவில்லை எண் எல்லாம் எழுதுங்கள். எழுதத் தெரியாத வீட்டில் பள்ளிப் பிள்ளை எழுதட்டும்.

2. காதுவில்லையை அறுத்து எறியாதீர்கள். அதிலுள்ள 12 இலக்க எண்தான் மாட்டின் முகவரி. ஆயிரம் மைல் தாண்டிப் போனாலும் அது எந்த ஊர் மாடு, ஊசி போட்டதா என்று அதை வைத்துத்தான் தெரியும்.

3. புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். தனித் தீனித்தொட்டி, தனித் தண்ணீர். வீட்டு மாடுகளைக் கறந்த பிறகு அதைக் கறங்கள்.

4. கோமாரித் தடுப்பூசி 6 மாதத்துக்கு ஒரு தடவை. 4 மாதம் தாண்டிய கன்றிலிருந்து போட வேண்டும். தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் 2019 முதல் இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் பால் கொஞ்சம் இறங்கலாம்; அதற்குப் பயந்து மாட்டை ஒளித்து வைக்காதீர்கள். ஊரில் பத்து மாடு விட்டுப்போனால் வைரஸுக்கு அந்தப் பத்தும் சத்திரம்.

5. நோய் கண்டால் மாட்டைத் தனியே கட்டி, பொது மேய்ச்சலுக்கும் பொதுத் தண்ணீருக்கும் விடாதீர்கள். கோமாரியானால் 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கலந்து கொட்டகைத் தரை, தொட்டி, வாசல் எல்லாம் கழுவுங்கள். கழலை நோயானால் கொசு, ஈ அண்டாமல் மாலையில் வேப்பிலைப் புகை போடுங்கள்.

6. செத்த கால்நடையை வெட்டாற்றிலோ வாய்க்காலிலோ தள்ளாதீர்கள். டாக்டர் பார்த்த பிறகு ஆழமாகக் குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஆற்றில் தள்ளினால் நோய்க்கு நாமே ஓடம் கட்டி விடுகிறோம்.

7. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியும் வரும். பேசும்போது மூன்று விஷயம் சொன்னால் போதும்: என்ன அடையாளம், எப்போதிருந்து, கடைசி இரண்டு வாரத்தில் எந்த மாடு வந்தது, எந்த மாடு போயிற்று.

பெருமக்களே, இந்த மண்ணுக்கென்று உம்பளச்சேரி மாடு இருக்கிறது. சேற்றில் இறங்கிப் பொழுது சாயும்வரை உழைத்த மாடு அது. இன்றைக்கு உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டாலும் வீட்டுக்குப் பால் தருவது, வயலுக்கு எரு தருவது, அவசரத்துக்குக் காசு தருவது இன்னும் மாடுதான். அதற்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. எச்சிலால் சொல்கிறது, நொண்டிச் சொல்கிறது, பாலைக் குறைத்துச் சொல்கிறது. சில சமயம் கொட்டகைப் பூனையும் சேர்ந்து சொல்கிறது. அதைக் கேட்டு அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுவது நம்முடைய பொறுப்பு.

நாளைக் காலை பால் கறக்கப் போகும்போது அந்த ஐந்து நிமிஷத்தை மாட்டுக்குக் கொடுங்கள்.